பதினான்காவது தோள்

பிளோவ்திவ்,
ஜனவரி 12

அன்புள்ள மோம்சிலுக்கு,

நலமா? மேலே பனி எவ்வளவு விழுந்திருக்கிறது? முழங்கால் வலி தேவலையா? நான் நலம். முதுகு மட்டும் நாற்காலியின் வடிவத்துக்கே வந்துவிட்டது. அப்பாவை அடக்கம் செய்த அன்று பேருந்து நிலையத்தில் கைகொடுத்துப் பிரிந்தோம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு பெயர்நாள் வாழ்த்து அட்டையில் நம் உறவு ஓடிக்கொண்டிருக்கிறது. குற்றம் இருவருக்கும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நாய்கள் மறுபடி எழுந்துவிட்டன. ஏழு வருஷத்துக்கு முன் சோபியாக் கண்காட்சியில் நம் மானத்தை வாங்கிய அதே கணினி விளையாட்டுதான். இரண்டு மேய்ப்பு நாய்கள் சேர்ந்து கரடியையும் ஓநாயையும் எதிர்த்துச் சண்டை போடுமே, அதுதான். விலங்குகள் நிஜ எடையோடு நிற்பதையும் நிஜமாகச் சறுக்குவதையும் பழைய படத்துண்டில் பார்த்த வார்சா கம்பெனி ஒன்று, இதை முடித்துத் தாருங்கள் என்கிறது. அக்டோபரில் வெளிவர வேண்டும்.

சிக்கல் 'தோள்'தான். முதல் நாய் காலை ஊன்றித் தோள் கொடுக்க, இரண்டாவது அதன்மேல் ஏறிப் பாய்ந்து கரடியின் பிடரியைப் பிடிக்கிற கூட்டு அடி. கரடியைப் புதிதாகச் செய்திருக்கிறோம். கனம் கூடிவிட்டது. இப்போது ஒன்று, தோள் கொடுக்கிற நாய் தரையோடு தரையாகிறது, இல்லையென்றால் பாய்கிற நாய் ஊரைத் தாண்டிப் பறக்கிறது. கம்பெனியில் என் பங்காளி டோப்ரின் நேற்றுத் தலையில் அடித்துக்கொண்டு, "உன் தம்பி மூளையை இங்க விட்டுட்டு உடம்பை மட்டும் மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றான்.

எடை தோளிலிருந்து காலுக்கு எப்படி இறங்குகிறது என்று நீ எழுதிவைத்த நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? அதை அனுப்பு. முடிந்தால் நீயே வா. பழசையெல்லாம் கிளற வேண்டாம். உயிரோடும் திடத்தோடும் இரு.

உன் அக்கா,
ராடோஸ்தினா


மலை விடுதி,
பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்கால் பரவாயில்லை. உன் முதுகுக்கு மருந்து வேண்டாம், நாற்காலியை மாற்று. உன் கடிதம் கீழே அஞ்சலகத்தில் பல நாள் கிடந்து, சனிக்கிழமை ஸ்தாமென் மாமாவின் கோவேறு கழுதையில் ரொட்டி மாவோடு ஏறி வந்தது. மாவைத் தட்டிவிட்டு நீட்டினார். "பிளோவ்திவ்லருந்து. கெட்ட சேதின்னா நான் போன பிறகு பிரி. எனக்கு இறக்கத்துல கை நடுங்கக்கூடாது."

நோட்டு இருக்கிறது. ஆனால் அதை நம்பி நீ என்ன செய்வாய்? கண்காட்சியில் இரண்டாவது நாய் ஓடிவந்து பாய்ந்ததும், தோள் கொடுக்க வேண்டிய நாய் உட்கார்ந்து காதைச் சொறிந்தது. பாய்ந்தது மல்லாந்து விழுந்தது. விழுந்தால் நிஜமாக விழ வேண்டும் என்று நான் அவ்வளவு பாடுபட்டிருந்ததால் ரொம்ப நிஜமாகவே விழுந்தது. அரங்கமே சிரித்தது. நீ எல்லார் முன்னாலும், "உன் கணக்குதான்டா!" என்றாய். கோபமாக எழுதவில்லை. நீ சொன்னது சரி.

மூன்று நாள் அந்தத் தப்பைத் தேடினேன், நாலாம் நாள் கிளம்பினேன். கிளம்பும்போது அச்சடித்துக்கொண்டு வந்த விளையாட்டின் நிரல், முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம், இங்கே அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன். தோளுக்கு நம் மொழிச் சொல்லையே லத்தீன் எழுத்தில் 'ரமோ' என்று பெயர் வைத்தோமே, அது பதினான்கு இடத்தில் வருகிறது. பதினான்கையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் அக்கா பயமாக இருக்கிறது. தப்பு கண்ணெதிரே இருந்தும் தெரியாத ஆள் நான்.

கார்லோவோ உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். தலைமையாசிரியை போன கோடையில் இங்கே தங்கிப் போனவர். "நீங்க வாங்களேன், பிள்ளைங்களுக்கு உங்களைப் பிடிக்கும்" என்று இரண்டு முறை சொல்லியனுப்பிவிட்டார். ஜூன் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். தன் கணக்கில் தப்பு எங்கே என்று தெரியாதவன் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துவதா? மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறேன். ஆசை இல்லாமல் இல்லை.

டோப்ரினுக்கு என் வணக்கம். மூளையையும் கொண்டுவந்துவிட்டேன், விறகு அடுக்க உதவுகிறது என்று சொல்.

தம்பி,
மோம்சில்


பிளோவ்திவ்,
பிப்ரவரி 15
(தபாலில் போடாதது)

மோம்சில்,

கண்ணால் எண்ணினால் பதினான்கு. கணினியைத் தேடச் சொன்னால் பதின்மூன்று.

நீ போன ஒன்பதாம் நாள் நான் தேடினேன். பதின்மூன்று என்றது. நம்பாமல் நானே எண்ணினேன், பதினான்கு. ஒரு 'ரமோ'வின் கடைசி எழுத்து லத்தீன் 'ஓ' இல்லை. நம் சிரிலிக் 'ஓ'. இரண்டும் ஒரே வட்டம். திரையில் வித்தியாசம் தெரியாது, காகிதத்தில் தெரியவே தெரியாது. கணினிக்கு மட்டும் அவை வேறு வேறு எழுத்து. அது சண்டை போட்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். ஏதோ புதுப் பெயர் என்று எடுத்துக்கொண்டு அதில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. தோள் கொடு என்ற செய்தி அந்த நாய்க்குப் போகவே இல்லை. அது பாவம், சும்மா காதைச் சொறிந்தது.

அந்த வரி நீ எழுதியது இல்லை. கண்காட்சி அன்று காலை நான் திருத்தியது. 'ரம்' வரை அடித்தேன். டோப்ரின் காபி வேண்டுமா என்று கேட்டுச் செய்தி அனுப்பினான். நம் எழுத்துக்கு மாற்றி, சர்க்கரை வேண்டாம் என்று பதில் போட்டேன். திரும்பி வந்து மிச்சமிருந்த ஒரே ஒரு எழுத்தை அடித்தேன். லத்தீனுக்கு மாற்ற மறந்துவிட்டேன். நம் நாட்டில் விசைப்பலகை தொடுகிற எவருக்கும் வாரத்துக்கு இரண்டு முறை வருகிற பிசகு. அன்றே சொல்லியிருந்தால் உன்னிடம் ஒரு பியரோடு முடிந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் காலைதான் டோப்ரின் என்னைத் தலைமைப் பொறுப்புக்கு வரச் சொன்னான். "உன் தம்பி மாதிரி இல்ல நீ. கவனமான ஆளு" என்றான். மத்தியானம் அந்த எழுத்தைக் கண்டுபிடித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று திருத்தி மூடினேன். நாளை வாரமானது. பிறகு தப்பைவிடத் தாமதம் பெரிதாகிவிட்டது.

நீ குளிர்காலம்தோறும் அதை வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இதை அனுப்பப்போகிறேன். நாளைக் காலை.


பிளோவ்திவ்,
பிப்ரவரி 26

அன்புள்ள மோம்சிலுக்கு,

நலம்தானே? பதில் கொஞ்சம் தாமதம், வேலை அப்படி. மார்ச் முதல் தேதி வழக்கப்படி கட்டிக்கொள்ளச் சிவப்பும் வெள்ளையுமாக நூல் வைத்திருக்கிறேன். உனக்கு ஒன்று, உன் விடுதி நாய்களுக்கு இரண்டு, ஸ்தாமென் மாமாவின் கோவேறு கழுதைக்கு ஒன்று. அதற்குத்தான் பெரியது.

அந்தக் காகிதங்களை எதற்கு இன்னும் வைத்திருக்கிறாய்? எடுத்து அடுப்பில் போடு. தப்பு என்பது யாருக்கும் வருவதுதான். அது உன்னுடையதாகவே இருந்தாலும், ஏழு வருஷம் சுமக்கிற அளவுக்குப் பெரியது இல்லை. பள்ளிக்கூடத்துக்கு இப்போதே இல்லை என்று சொல்லிவிடாதே, பொறு. நோட்டை அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ராடோஸ்தினா


மலை விடுதி,
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலமும் அப்படியே இருக்கட்டும். நூலைக் கோவேறு கழுதை தின்றுவிட்டது. நாய்கள் கட்டிக்கொண்டு திரிகின்றன.

நோட்டை அனுப்பவில்லை. அதைவிட நல்லது அனுப்புகிறேன். போன செவ்வாய் மத்தியானம் கரடி வந்தது. குளிர்த்தூக்கம் கலைந்த பசி, நேரே குப்பைக் கொட்டகைக்கு வந்துவிட்டது. நான் சன்னல் பக்கம் நின்றேன். என் நாய்கள் முர்ஜோவும் லிசாவும் எதிர்த்துப் போனார்கள். அக்கா, அவர்கள் தோள் கொடுத்தார்கள்! நாம் கற்பனையில் செய்தது நிஜத்தில் நடந்ததைப் பார்த்தேன். ஸ்தாமென் மாமா கொட்டகைக் கூரைமேல் ஏறிக்கொண்டு, "டேய், படம் பாக்கிற மாதிரி நிக்கிறியே, பாத்திரத்தைத் தட்டுடா!" என்று கத்தினார். நான் தட்டவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் அன்று தப்பாக நினைத்திருந்தேன். தோள் கொடுக்கிற நாய் மரக்கட்டையாக விறைத்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முர்ஜோ விறைக்கவில்லை. லிசாவின் கால் பட்டதும் முன்னங்கால் மூட்டை மடக்கிக் கொஞ்சம் தாழ்ந்தான். கனத்தை முதலில் வாங்கிக்கொண்டான், பிறகு தள்ளினான். விறைத்திருந்தால் அவன் தோளெலும்பு போயிருக்கும். லிசா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வருவாள் என்று அவனுக்குத் தெரியும்.

கரடி போய்விட்டது. லிசாவுக்குக் காதில் சிறு கிழிசல், ஆறிவருகிறது. பன்னிரண்டு பக்கம் கணக்கு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எத்தனை வருஷமாயிற்று, சாப்பிட மறந்து உட்கார்ந்து எழுதி! ஆனால் கணக்குத் தப்பாத வேறு யாரிடமாவது காட்டி, சரி பார்த்த பிறகு போடு. என்னை நம்பிப் போடாதே.

தம்பி,
மோம்சில்


பிளோவ்திவ்,
ஏப்ரல் 24

அன்புள்ள மோம்சிலுக்கு,

நீயும் லிசாவின் காதும் நலமா? நான் நலம்.

யாரிடமும் காட்டவில்லை. நீ எழுதியதை எழுதியபடியே போட்டோம். பனியில் ஒருமுறை, பாறையில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை ஓடவிட்டோம். மூன்றிலும் நாய் தாழ்ந்து வாங்கித் தள்ளியது. டோப்ரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

"இது எவன் போட்ட கணக்கு?"

"மோம்சில்."

"அப்ப அன்னிக்கு மட்டும் அவனுக்கு என்ன கேடு வந்துச்சு?"

நான் காபி எடுக்கப் போய்விட்டேன்.

உன் பெயரை விளையாட்டின் முடிவில் போடப்போகிறோம். ஜூன் ஆறாம் தேதி அப்பா போய் மூன்று வருஷம். வீட்டுக் கதவில் ஒட்ட நினைவுத்தாள் அச்சடிக்க வேண்டும். தொப்பி போட்ட படத்தைக் கொடுக்கலாமா? கீழே 'அன்பு மறவாத பிள்ளைகள் ராடோஸ்தினா, மோம்சில்' என்று வைக்கிறேன். வேறு வாசகம் தோன்றினால் எழுது. நலமாக இரு.

உன் அக்கா,
ராடோஸ்தினா


மலை விடுதி,
மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நாய்களும் நலம். தொப்பிப் படமே நல்லது. அப்பாவுக்கு அந்த ரயில்வேத் தொப்பி இல்லாத தலை எப்படி இருக்கும் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வாசகமும் அதுவே இருக்கட்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகப் பார்த்தபோது அப்பா கேட்டார், "இன்னொரு தடவை சரி பாத்திருக்கலாம்லடா, மோம்சோ? நான் முப்பது வருஷம் தண்டவாளம் மாத்தினேன். ஒவ்வொரு நெம்புகோலையும் ரெண்டு தடவை தொட்டுப் பாப்பேன்."

"ஆமாப்பா. பாத்திருக்கலாம்" என்றேன்.

"சரி விடு. அக்கா பாத்துக்குவா, அவ கவனமான பொண்ணு" என்று என் கையைத் தடவிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம். எனக்காக அவர் வருத்தப்பட்டதுதான் தாங்கவில்லை. மறுவாரம் அவர் போனபோது நான் இங்கே மழையில் பாதை சரிந்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் என் பெயரை விளையாட்டில் போடாதே. ஒருமுறை சரியாகப் போட்டதால் அன்றைய தப்பு போய்விடாது, அது எங்கே என்றே இன்னும் தெரியவில்லை. பள்ளிக்கு ஜூன் இருபத்தெட்டாம் தேதி கீழே இறங்கிப் போய் நேரிலேயே மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷி, சொல்லியனுப்பினால் மரியாதையாக இருக்காது.

நினைவுத்தாள் ஒன்று எனக்கும் அனுப்பு. இங்கே கதவில் ஒட்டுகிறேன்.

தம்பி,
மோம்சில்


பிளோவ்திவ்,
ஆகஸ்ட் 3

மோம்சிலுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்க வேண்டும். கேட்கிற தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இரண்டரை மாதம் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. ஜூன் இருபத்தெட்டைச் சுற்றி நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் போட்டேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இதோடு பிப்ரவரியில் எழுதி அனுப்பாத கடிதத்தை வைத்திருக்கிறேன். திரும்ப எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கி எழுதிவிடுவேன், அதனால் அப்படியே அனுப்புகிறேன். முதலில் அதை வாசி.

வாசித்துவிட்டாயா? தப்பு என்னுடையது. உன் முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் உன் தப்பு ஒன்றுகூட இல்லை.

நேற்று எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். டோப்ரின், "ஏழு வருஷமாடி?" என்றான். பிறகு எழுந்து வெளியே போனான். உன் பெயர் விளையாட்டின் முகப்பிலேயே வரும், நீ வேண்டாம் என்றாலும். தலைமையாசிரியையிடம் இப்போதே போ. பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தேவையானால் நானே வந்து அவரிடம் சொல்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதலாம். எழுதினால் நீ மன்னிக்க வேண்டியிருக்கும், நீ அப்படிப்பட்டவன். அதனால் கேட்கவில்லை.

உன் அக்கா,
ராடோஸ்தினா


மலை விடுதி,
செப்டம்பர் 11

அக்காவுக்கு,

உடம்பு நலம். கடிதம் ஆகஸ்ட் பத்தாம் தேதியே வந்துவிட்டது. வாசித்தபின் மூன்று நாள் விறகு பிளந்தேன். ஸ்தாமென் மாமா பார்த்துவிட்டு, "இந்த வருஷம் ரெண்டு குளிர்காலம் வரப்போகுதா?" என்றார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் கோடாரியை எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்குப் போனேன். ஜூலையிலேயே ஒரு பெண்ணை நியமித்துவிட்டார்களாம், கெட்டிக்காரியாம். தலைமையாசிரியை, "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்று வருத்தப்பட்டார். கைகொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த எழுத்துக்காக எனக்குக் கோபம் இல்லை. நானும் எத்தனையோ தடவை அப்படி அடித்திருக்கிறேன். ஒன்பது நாளுக்காகவும் கோபம் இல்லை. பத்தாம் நாளிலிருந்துதான் எண்ண முடியவில்லை. காகிதங்களை எரிக்கச் சொன்னாயே, அதை எதற்குச் சொன்னாய் என்று இப்போது புரிகிறது. எரிக்கவில்லை. ஒருமுறை உட்கார்ந்து வாசித்தேன். எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன், அக்கா! எனக்கே தெரியாமல் போய்விட்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவின் கடைசி வாரம் முழுக்க நீ கூட இருந்தாய். பாதிரியார்கூட வந்து போனார். அந்த வாரத்தில் எப்போதாவது, அவரிடம் மட்டுமாவது, சொன்னாயா? நான் கணக்கைத் தப்பாகப் போடவில்லை என்று அவர் தெரிந்துகொண்டு போனாரா?

சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஒரே சொல்லில் எழுது, போதும்.

மோம்சில்


பிளோவ்திவ்,
செப்டம்பர் 20

மோம்சில்,

ஆமாம் என்று ஒரு கடிதம் எழுதினேன். அப்பா சிரித்தார், உன்னைக் கூட்டிவரச் சொன்னார் என்றெல்லாம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. உறையில் போட்டு முகவரிகூட எழுதிவிட்டேன். அதை இப்போது கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

இல்லை.

நீ ஒரே சொல் கேட்டாய். ஆனால் அதோடு நிறுத்தினால் அதுவும் பாதிப் பொய்தான். அப்பாவே கேட்டார். வியாழக்கிழமை மத்தியானம், சூப் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு, "ஏம்மா, அவன் அப்படிக் கோட்டை விடுற பையன் இல்லையே. நிஜமாவே அவன் தப்புதானா?" என்றார். கண் என் முகத்திலேயே இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"ஆமாப்பா" என்றேன். "சூப் ஆறுது, குடிங்க."

குடித்தார்.

ராடோஸ்தினா